சிறையில் இருவர்: லிட்டன் அம்மையாரின் சிறைநூல் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

சிறையிலிருந்து பிறந்த இலக்கியம் உலக மொழிகள் பலவற்றில் உண்டு. அந்நூல்களுட் பெரும்பாலன சிறைப்பட்டார் தத்தம் பெயரால் எழுதியவை. ஆதலின் எழுதினார் யார் என்னும் வினா அவற்றைப் படிப்பார்க்கு எழுவதில்லை. அவ்வினாவையே உயிர்நிலையாகக் கொண்ட நூல் ஒன்று 1914ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. ‘பிரிசன்ஸ் அண்ட் பிரிசனர்ஸ்’ என்பது அதன் பெயர். ‘சிறைகளும் சிறையாளரும்’ என நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். அதன் முகப்பேட்டில் ஆசிரியர் பெயர் இரண்டு காணப்படும். ஒன்று கான்ஸ்டன்ஸ் லிட்டன் என்பது. மற்றொன்று மணமாகாத பெண் என்னும் குறிப்போடு கூடிய ஜேன் வார்ட்டன் என்பது. பெயர் இரண்டாயினும் ஆள் ஒருவரே.

இந்நூலை வரலாற்றறிஞர் இங்கிலாந்து நாட்டு மகளிர் வாக்குரிமைப் போராட்டத்தின் ஆவணமாகக் கொள்வர். பொதுவாகப் படிப்பார் உயர்குடிப் பெண் ஒருத்தி ஏழையாக வேடம் புனைந்து சிறை புகுந்த வியத்தகு செய்தியாகக் கொள்வர். இவ்விரு நோக்கும் பிழையல்ல; ஆயினும் நிறைவுடையனவும் அல்ல. முகப்பேட்டில் நிற்கும் இரு பெயர்களும் அணிக்காக அமைந்தன அல்ல என்பதும், ஒருவர் சொல் நம்பப்படுவதும் நம்பப்படாமையும் அவர் பிறந்த குடியால் முடிவாகும் நாட்டில் சான்று பகர்வது எங்ஙனம் என்னும் வினாவே இந்நூலின் அமைப்பை முற்றும் ஆள்கின்றது என்பதும், அவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டதாக இந்நூல் நடிக்கவில்லை என்பதே அதன் சிறப்பு என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும்.

2. போராட்டப் பின்னணி

நூலை ஆராயப் புகுமுன் அது எழுந்த சூழலைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். மகளிர் சமூக அரசியல் ஒன்றியம் 1903ஆம் ஆண்டு மான்செஸ்டரில் எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரால் தொடங்கப்பெற்றது. 1905ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவர் மகள் கிறிஸ்டபெல்லும், ஆலைத் தொழிலாளியாகிய ஆனி கென்னியும் அந்நகரில் நடந்த அரசியற் கூட்டமொன்றில் மகளிர் வாக்குரிமை பற்றி வினா எழுப்பி, வெளியேற்றப்பட்டுச் சிறை சென்றனர். அது முதலாகச் சிறை புகுதல் இப்போராட்டத்தின் ஒரு முறையாயிற்று. முதல் உலகப்போர் தொடங்கும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர்.

அந்நாளைய ஆங்கிலச் சிறைகளில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் வைக்கப்பட்டவர்க்குத் தம் உடை, நூல், உணவு ஆகியன உண்டு. இரண்டாம் மூன்றாம் பிரிவினர் பொதுக் குற்றவாளிகளாகவே நடத்தப்பட்டனர். மகளிர் தம்மை அரசியற் சிறையாளராகக் கருதி முதற்பிரிவில் வைக்குமாறு வேண்டினர்; அரசு மறுத்தது. அதனால் 1909ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மரியன் வாலஸ் டன்லப் என்னும் ஓவியர் ஹாலோவே சிறையில் உண்ணா நோன்பு தொடங்கினார். 91 மணி நேரத்திற்குப் பின்னர் விடுவிக்கப்பட்டார். பிறரும் அவர் வழியைப் பின்பற்றினர். செப்டம்பர்த் திங்களில் பர்மிங்ஹாம் நகரத்துச் சிறையில் அரசு வலிந்து உணவூட்டத் தலைப்பட்டது. குழாயை மூக்கின் வழியாகவோ வாயின் வழியாகவோ வயிற்றினுட் செலுத்தி நீர்த்த உணவை ஊற்றுதலே அம்முறை. அதற்கு முதலில் ஆளானவர் மேரி லீ முதலியோர் ஆவர்.

3. ஆசிரியரும் நூலின் அமைப்பும்

லிட்டன் அம்மையார் 1869ஆம் ஆண்டு வியன்னா நகரிற் பிறந்தார். அவர் பாட்டனார் எட்வர்டு புல்வர் லிட்டன் புகழ்பெற்ற நாவலாசிரியர். தந்தை ராபர்ட் லிட்டன் 1876 முதல் 1880 வரை இந்தியாவில் அரசப் பிரதிநிதியாக இருந்தவர். தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் எனக் குறிக்கும் பெரும்பஞ்சம் நிகழ்ந்தது இவர் ஆட்சியிலேயே ஆகும். அம்மையார் தம் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை இந்நாட்டிற் கழித்தார். பின்னர் மணம் புரியாது தாயாருடன் அடங்கிய வாழ்க்கை வாழ்ந்தார். இளமை தொட்டே அவர்க்கு நெஞ்சு நோய் உண்டு. நாற்பது ஆண்டை அணுகிய நிலையில், 1908இல், வாக்குரிமை இயக்கத்தினரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே சிறை சென்றார்.

நூல் நான்கு சிறைவாசங்களைக் கூறுகின்றது. முதலாவது 1909ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஹாலோவேயில்; இரண்டாவது அதே ஆண்டு அக்டோபரில் நியூகாசிலில்; மூன்றாவது 1910 ஜனவரியில் லிவர்பூல் நகரத்து வால்ட்டன் சிறையில்; நான்காவது 1911 இறுதியில் மீண்டும் ஹாலோவேயில். இவற்றுள் மூன்றாவதே ஜேன் வார்ட்டன் என்னும் பெயரில் நிகழ்ந்தது. நான்கனுள் ஒன்றே அப்பெயருக்கு உரியதாயினும் முகப்பேடு இருவர்க்கும் ஒத்த இடம் தருகின்றது. நூல் சிறையாளர்க்கே காணிக்கையாக்கப் பெற்றுள்ளது.

நூல் எழுதப்பட்ட நிலையும் அறியத்தக்கது. 1912ஆம் ஆண்டு மே திங்களில் அம்மையார் பக்கவாதத்தால் தாக்குண்டார், வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகியே இந்நூலை முடித்தார். ஆயினும் நடையில் அவ்வருத்தத்தின் சாயல் இல்லை. சொற்றொடர்கள் அமைதியாகவும் ஒழுங்காகவும் செல்லுகின்றன. நாள், இடம், நிகழ்ந்த முறை ஆகியன தவறாது குறிக்கப்படுகின்றன. வழக்கு மன்றத்தில் நின்று சான்று பகர்வார் நடை இது.

4. முதிய ஆடும் தையற்காரியும்

போராட்டத்துள் தாம் புகுந்த மனமாற்றத்தை விளக்குமிடத்து அம்மையார் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். லிட்டில்ஹாம்ப்டன் என்னும் கடற்கரை ஊரில், கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட முதிய ஆடு ஒன்று தப்பி ஓடுகின்றது. வடிவு கெட்ட அவ்விலங்கைச் சூழ்ந்து மக்கள் நகைக்கின்றனர். தன் மலைச்சாரலில் உரிமையோடு திரிந்திருந்தால் அது எத்துணை வனப்புடையதாய் இருந்திருக்கும் என்று அம்மையார் எண்ணுகின்றார். உலகெங்கும் பெண்ணினத்தின் நிலை அவ்வாடே என்னும் உணர்வு அக்கணத்தில் அவர்க்குத் தோன்றுகின்றது.

இதனை வெறும் உவமையாகக் கொண்டு கடந்து செல்லுவார் உளர். அது பொருந்தாது. இந்நிகழ்ச்சியில் உற்று நோக்கத்தக்கது ஆட்டின் துன்பமன்று. அதன் அழகின்மையும் அதனைக் கண்டார் நகைத்தலுமே. நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினாற் பிறக்கும் என்பது தொல்காப்பியம். ஈண்டுப் பிறந்தது எள்ளல் பற்றிய நகை. கட்டுண்டதன் வடிவைக் கெடுத்தவர் யாரோ, அவரே அவ்வடிவு கண்டு நகைக்கின்றனர் என்னும் உண்மையை ஆசிரியர் கண்டுகொண்டார். நூலின் பிற்பகுதிக்கு வித்து இவ்விடத்தே இடப்படுகின்றது.

நியூகாசில் நிகழ்ச்சி அவ்வித்தை முளைப்பிக்கின்றது. அந்நகரில் அமைச்சர் லாயிடு ஜார்ஜ் பேச வந்திருந்தபோது அம்மையார் வண்டியொன்றின்மீது கல்லெறிந்து சிறை புகுந்தார். உண்ணா நோன்பும் மேற்கொண்டார். மருத்துவர் அவர் நெஞ்சை நன்கு ஆராய்ந்து, நோயுடையார் எனக் கூற, அவர் மூன்று நாள் நிரம்புமுன்னரே விடுவிக்கப்பட்டார். எழுத்தாளர் ஒருவரின் மனைவியாராகிய பிரெய்ல்ஸ்போர்டு அம்மையாரும் அவ்வாறே வெளிவந்தார். உடன் சிறைப்பட்ட ஏனையோர்க்கு வலிந்து உணவூட்டப்பட்டது. விடுதலைக்குக் காரணம் நோய் ஒன்றே என்றது அரசு. நோயா, குடிப்பிறப்பா என்னும் ஐயம் அம்மையாரை வருத்தியது. அக்காலத்தே வால்ட்டன் சிறையில் செலினா மார்ட்டின் என்னும் பெண்ணுக்கு, அவர் வழக்கு முடியுமுன்னரே வலிந்து ஊட்டிய செய்தியும் அவரை எட்டியது. ஐயத்தை ஆய்ந்து முடிவு காண்பதற்கு அவர் கண்ட வழியே ஜேன் வார்ட்டன்.

அம்மையார் தம் தலைமயிரைக் குறைத்துக்கொண்டார். பொருந்தாத தொப்பியும் மேலங்கியும் மூக்குக்கண்ணாடியும் அணிந்தார். உள்ளாடைகளில் இருந்த தம் பெயரெழுத்துக்களை நீக்கினார். ஏழையாகத் தோன்றுவதோடு அமையாமல், அழகற்றவளாகத் தோன்றவும் அவர் முயன்றார். தோற்றப் பொலிவு இல்லாத சிறையாளரே மிகவும் புறக்கணிக்கப்படுவதை முதற் சிறைவாசத்தில் அவர் கண்டிருந்தமையே அதற்குக் காரணம். அவ்வுருவோடு லிவர்பூல் தெருவில் நடந்தபோது பிறர் நகைத்தனர் என அவர் எழுதுகின்றார். இவ்விடத்தில் லிட்டில்ஹாம்ப்டன் ஆட்டை நாம் நினைவு கூர்தல் வேண்டும். முன்பு ஆட்டுக்காக இரங்கியவர் இப்போது அந்நகைக்குத் தாமே இலக்காக நிற்கின்றார். இரக்கம் என்பது பிறர் துன்பத்தை வெளியே நின்று காண்பது. வெளியே நிற்றல் போதாது என்று கருதியமையாலேயே ஜேன் வார்ட்டன் பிறந்தாள்.

பெயரமைப்பிலும் இக்கருத்து விளங்கும். ஜேன் என்பது பிரெஞ்சு வீராங்கனை ஜோன் நினைவாகக் கொள்ளப்பட்டது. வார்பர்ட்டன் என்னும் பெயரை முதலில் எண்ணி, அதன் ஓசை பெருங்குடிப் பெயர்போல் ஒலித்தலால் இடையெழுத்தைக் குறைத்து வார்ட்டன் ஆக்கினார். பெயரின் ஓசைகூடக் குடிப்பெருமையை உணர்த்திவிடும் என்னும் எச்சரிக்கை இது.

5. வால்ட்டன் சிறை: இளிவரலும் பெருமிதமும்

1910ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் வால்ட்டன் சிறைத்தலைவர் இல்லத்தின்முன் நடந்த கிளர்ச்சியில் ஜேன் வார்ட்டன் சிறைப்பட்டாள். எவரையும் புண்படுத்த மனமின்றிக் கற்களை வேலிக்கு அப்பால் மெல்ல நழுவவிட்டதாக நூல் கூறுகின்றது. பதினான்கு நாள் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவள் உண்ண மறுத்தாள். நான்கு நாள் கழிந்தபின் வலிந்து உணவூட்டினர். 23ஆம் நாள் உண்மைப் பெயர் வெளிப்பட்டு விடுவிக்கப்படும்வரை அங்ஙனம் ஊட்டியது எட்டு முறை. முதன்முறை ஊட்டுமுன் நெஞ்சை ஆராய்ந்தார் இலர். பின்னர் வேறொரு மருத்துவர் ஒருகணம் செவி வைத்துக் கேட்டு, நெஞ்சு மிக நன்றாக உள்ளது என்று மகிழ்ந்து கூறினார். நியூகாசிலில் நோயுற்றிருந்த நெஞ்சு மூன்று திங்களில் வால்ட்டனில் நலம் பெற்றுவிட்டது! அம்மையார் இதற்கு உரை எழுதவில்லை. இரண்டு ஆய்வுகளையும் நிகழ்ந்தவாறே அடுத்தடுத்து வைத்துவிட்டு அமைகின்றார்.

முதல் ஊட்டலைக் கூறும் பகுதி இந்நூலின் உச்சம். எஃகுக் கருவியால் வாயைத் திறத்தல், நீண்ட குழாயைத் தொண்டையுட் செலுத்துதல், மூச்சுத் திணறல், வாந்தி, அது மருத்துவர் ஆடையிலும் காவற்பெண்டிர் மேலும் படுதல் என ஒவ்வொன்றும் வரிசையாகக் கூறப்படுகின்றது. முடிவில் மருத்துவர் செல்லுமுன் அவள் கன்னத்தில் அறைகின்றார். அது வலியுண்டாக்கும் அறையன்று; இகழ்ச்சியைக் காட்டும் அறை என்று நூல் விளக்குகின்றது.

இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. நடுவயது, நெஞ்சு நோய், பசித்துன்பம், காப்பாரற்ற எளிமை ஆகிய நான்கும் அவற்றோடு ஒருங்கு ஒத்து அச்சிறையறையில் கிடக்கின்றன. ஆயினும் படிப்பார் உள்ளத்தில் அருவருப்பு நிலைபெறுவதில்லை. காரணம் அடுத்து நிகழ்வது. மறுமுறை மருத்துவர் வந்தபோது அவரிடம் அவள் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றாள். அறைதல் அவர் கடமையின் பகுதியாயின் ஆகுக. அன்றாயின் தம் வேலை முடிந்தபின் அறையாதிருத்தல் நன்று என்பது அதன் கருத்து. அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் பின்னர் அறையவும் இல்லை. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் தறுகண் ஒன்று. அது போர்க்களத்துக்கே உரியதன்று என்பதற்கு இச்சிறு உரையாடல் சான்றாகும். எள்ளல் நகையில் தொடங்கி, இளிவரலில் ஆழ்ந்து, பெருமிதத்தில் எழும் இம்மெய்ப்பாட்டு வளர்ச்சி திட்டமிட்டு அமைத்த அணியாகத் தோன்றவில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்த முறையில் கூறியமையால் தானே அமைந்தது.

இவ்வதிகாரத்தில் ஓர் இடத்தில் மட்டும் நடை வேறுபடுகின்றது. அறையின் சாளரக் கண்ணாடிகளைத் தாங்கிய சட்டங்கள் ஒளியில் மூன்று சிலுவைகளாகத் தோன்றுகின்றன. நடுவண் உள்ளது பாவிகளுக்காக உயிர்நீத்த இயேசுவுக்கு; ஒருபால் உள்ளது அன்பு உணர்ந்த பாவிக்கு; மற்றொருபால் உள்ளது இன்னும் அன்பு கல்லாத பாவிக்கு என அவர் எண்ணுகின்றார். ஊட்டியவர் மீதும் பகை கொள்ளாத மனநிலை இதனால் விளங்கும். மருத்துவர், காவற்பெண்டிர் என்னும் தனி மனிதரை விடுத்து, அவரை அங்ஙனம் செய்வித்த அமைப்பின்மேல் அவர் சினம் செல்லுகின்றது. நூற்பெயரில் மனிதர்க்கு முன்னே ‘சிறைகள்’ நிற்பதற்கும் இதுவே காரணம் எனலாம்.

6. மானமும் குடிப்பிறப்பும்

சிறையில் உணவோ நீரோ மறுத்து மானம் காத்த செய்தி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் நீர் கேட்டுப் பெறாது, காலந்தாழ்த்துத் தந்ததைக் கைக்கொண்டும் பருகாது உயிர் துறந்தான் என்று புறநானூற்று 74ஆம் செய்யுளைப் பற்றிய குறிப்புக் கூறும். இரு நிகழ்ச்சிகளும் புறத்தே ஒத்தன போலத் தோன்றும்; அகத்தே மாறுபாடு உண்டு. சேரமானின் மறுப்புக்கு நிலைக்களன் அவன் அரசனாதல். பிறந்த குடியின் பெருமை அவனை நீர் பருக விடவில்லை. லிட்டன் அம்மையார் மறுத்ததோ உணவை மட்டுமன்று; தம் குடிப்பெருமை தமக்குத் தேடித் தந்த விடுதலையையும் மறுத்தார். ஒருவன் தன் பெயரைக் காக்க உண்ணாதிருந்தான். ஒருத்தி தன் பெயரைத் துறந்து உண்ணாதிருந்தாள்.

உண்ணா நோன்பு எவர்க்கும் படைக்கலம் ஆகும் எனக் கருதுவது இயல்பு. அக்கருத்தை இந்நூல் ஐயுறச் செய்கின்றது. நோன்பு இருப்பவர் இறந்துபட்டால் அது அரசுக்கு இழுக்காகும் என்னும் நிலை இருந்தாலன்றி நோன்பு படைக்கலம் ஆகாது. பிரபு மகளின் இறப்புக்கு அரசு அஞ்சியது. தையற்காரியின் இறப்புக்கு அஞ்சவில்லை. தமிழ் மக்கள் இதனைப் படிக்குங்கால் வேறொரு பசியும் நினைவுக்கு வராமற் போகாது. 1877ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் வரையறுத்தார். அவரை அனுப்பியவர் லிட்டன் பிரபு. அங்கே உணவு வேண்டினார்க்கு அளந்து குறைக்கப்பட்டது. இங்கே வேண்டாதார்க்கு வலிந்து ஊட்டப்பட்டது. இரண்டிலும் பசித்தவர் விருப்பம் கேட்கப்படவில்லை. தந்தை செயலுக்கு மகளைப் பொறுப்பாக்குதல் அறமன்று; அஃது ஈண்டு நோக்கமுமன்று. எவருடைய உடல் கணக்கில் வைக்கப்படும், எவருடையது வைக்கப்படாது என அவர் எழுப்பிய வினா வால்ட்டன் சிறையோடு நில்லாது என்பதே நாம் கருதுவது.

7. சான்றின் சிக்கல்

இந்நூலுக்கு எதிராக எழக்கூடிய வலிய தடை ஒன்று உண்டு. தம் உண்மைப் பெயரை ஒருமுறை உரைத்தால் சிறைக்கதவு திறக்கும் என்பதை லிட்டன் அம்மையார் அறிவார். செலினா மார்ட்டினுக்கோ மேரி லீக்கோ அத்தகைய பெயர் இல்லை. எனவே ஏழைமையைச் சில நாள் அணிந்து களைந்தவர் ஏழையர் சார்பில் சான்று பகரத் தகுவரோ என்பது அத்தடை.

தடை வலியதே. அதற்கு விடை நூலுள்ளேயே ஓரளவு கிடைக்கின்றது. சிறை நீங்கிய பின்னர் உள்துறையோடு நடந்த கடிதப் போக்குவரத்தை ஆசிரியர் தனி அதிகாரமாக வைத்துள்ளார். இலக்கியச் சுவை நாடுவார்க்கு அவ்வதிகாரமும் அதனை அடுத்து வரும் மசோதா பற்றிய அதிகாரமும் வறண்டு தோன்றும். எனினும் நூலின் வாதம் முழுமை பெறுவது அங்கேதான். அம்மையாரின் தம்பியாகிய விக்டர் லிட்டன் பிரபு தமக்கையின் வழக்கை மேற்கொள்கின்றார், செய்தித்தாளுக்கு எழுதுகின்றார். உள்துறை குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்கின்றது. பொது விசாரணைக்கும் இசையவில்லை. இவ்விடத்து யார் யார் பேசுகின்றனர் என்பதைக் காணவேண்டும். பிரபு பேசுகின்றார், அமைச்சகம் பேசுகின்றது, கான்ஸ்டன்ஸ் பேசுகின்றார். ஜேன் வார்ட்டன் பேசவில்லை. எட்டுமுறை துன்புற்றவள் அவளே. ஆனால் அவளுக்கு முகவரி இல்லை, தம்பி இல்லை, செய்தித்தாளில் இடமும் இல்லை. அவள் பட்டதை உலகம் நம்ப வேண்டுமாயின் அவள் கான்ஸ்டன்ஸ் லிட்டனாக மாறிவிடுதல் வேண்டும்.

ஆகவே இச்சான்று தன்னையே மறுக்கும் சான்று ஆகின்றது. குடிப்பிறப்புக் கருதி மனிதரை வேறுபடுத்தல் கொடிது என்பது அதன் கருத்து. அக்கருத்து செவியேற்றதோ குடிப்பிறப்பின் வலியால். இம்முரணை ஆசிரியர் மறைத்திருக்கலாம். லிட்டன் பிரபுவின் மகள் எழுதியது என்னும் ஒரே பெயரோடு நூலை வெளியிட்டிருப்பின் முரண் மறைந்திருக்கும். ஜேன் வார்ட்டன் என்னும் ஒரே பெயரோடு வெளியிட்டிருப்பின் நூலே மறைந்திருக்கும். இரு பெயரையும் ஒருங்கு வைத்தமையால் முரண் முகப்பிலேயே நிற்கின்றது. உண்மையை உரைத்தவர் ஒருத்தி, அதனைக் கேட்கச் செய்தவர் மற்றொருத்தி என்பதைப் படிப்பார் முதல் ஏட்டிலேயே காண்கின்றனர்.

ஆயினும் ஒரு குறை நூலில் எஞ்சுகின்றது என்பதையும் நடுநின்று கூறல் வேண்டும். ஜேன் வார்ட்டனுக்கு உடலும் உடையும் உண்டு. இளமை இல்லை, வீடு இல்லை, தான் தைத்த துணியின் கதையும் இல்லை. தையற்காரி ஒருத்தி சிறையிலிருந்து மீண்டபின் எவ்வேலைக்குச் செல்வாள், எவ்வாறு உண்பாள் என்பவற்றை அவளால் நமக்குக் கூற முடியாது. அவள் கற்பனை ஆள் ஆதலின். இக்குறை ஆசிரியரின் ஆற்றற் குறைவால் நேர்ந்ததன்று. ஒருவர் வாழ்வை மற்றொருவர் அணிந்து காண்பதற்கு உரிய எல்லை அது.

8. ஒப்பு நோக்கு

இவ்வியக்கத்தைச் சார்ந்த பிற நூல்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை மேலும் தெளிவாகும். இதே 1914இல் எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரின் தன்வரலாறு வெளிவந்தது. அது தலைவியின் நூல். படைத்தலைவர் போர்நிகழ்ச்சி உரைப்பதுபோல இயக்கத்தின் போக்கை உரைப்பது. 1912இல் ஹாலோவேயில் தமக்கு ஊட்ட வந்த மருத்துவரை நோக்கி மண்கலத்தை உயர்த்தி நின்றதையும், அவர்கள் பின்வாங்கியதையும் அதில் காணலாம். வால்ட்டனில் ஜேன் வார்ட்டன் முன் எவரும் பின்வாங்கவில்லை. தலைவியின் நூலில் பெயர் கவசமாகின்றது. லிட்டன் நூலில் கவசம் களைந்த நிலை கூறப்படுகின்றது.

1912இல் ஹாலோவேயில் இருந்த மகளிர் பாடிய பாட்டுக்கள் தொகுக்கப்பட்டு, ‘ஹாலோவே ஜிங்கிள்ஸ்’ என்னும் பெயரில், ஒன்றியத்தின் கிளாஸ்கோ கிளையால் வெளியிடப்பெற்றன. அத்தொகுப்பில் ஒலிப்பது பலர் குரல். ஒருவரையொருவர் ஊக்கும் தோழமையே அதன் உயிர். லிட்டன் நூலின் வால்ட்டன் பகுதியில் அத்தோழமை இல்லை. தன் பெயரையும் துறந்து தனித்திருப்பவளின் குரல் அது.

நம் நாட்டோடு தொடர்புடைய நூல் ஒன்றும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. அயர்லாந்தினராகிய மார்கரெட் கசின்ஸ் அம்மையார் 1910இல் ஹாலோவேயிலும், 1913இல் தம் நாட்டு டல்லமோர் சிறையிலும் இருந்தவர். டல்லமோரில் உண்ணா நோன்பும் இயற்றியவர். 1915இல் இந்தியா வந்தார். 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றுதற்கு முதன்மையானவர்களுள் ஒருவராக விளங்கினார். சென்னை மாகாணம் 1921இல் மகளிர்க்கு வாக்குரிமை வழங்கியது. இந்திய மாகாணங்களுள் அவ்வாறு வழங்கியதில் இதுவே முதலாவது. கசின்ஸ் அம்மையார் 1932ஆம் ஆண்டு இறுதியில் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி, வேலூர்ச் சிறை புகுந்தார். அவரும் கணவரும் சேர்ந்து எழுதிய ‘வீ டூ டுகெதர்’ 1950இல் சென்னையில் வெளிவந்தது. அதற்கும் ஆசிரியர் இருவர். ஆனால் அவர்கள் உண்மையாகவே இருவர். இருவர் குரலும் அந்நூலில் மாறி மாறி இனிது இயைகின்றன. லிட்டன் நூலின் இருவர் ஓருடலில் இருந்தும் இயைவதில்லை. இயைய விடாத சமூகமே அந்நூலின் பொருள்.

9. முடிவுரை

லிட்டன் அம்மையாரின் சிறைவாசத்தால் விளைந்த பயன் யாது என வினவலாம். 1910 மார்ச்சுத் திங்களில் புதிய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில் சிறைவிதி ஒன்றை இயற்றி, இத்தகைய சிறையாளர்க்குச் சில சலுகைகள் தந்தார். ஆனால் வலிந்தூட்டல் ஒழியவில்லை; 1912இல் மீண்டும் பரவலாக நடைபெற்றது. 1913இல் வந்த சட்டம், நோன்பால் நலிந்தவரை விடுத்து, நலம் பெற்றபின் மீட்டும் பிடிக்க வழி செய்தது. பூனை எலியைப் பிடித்து விடுவது போன்றது என மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 1918இல் முப்பது வயது நிரம்பிய மகளிர்க்குச் சொத்துத் தகுதியோடு வாக்குரிமை கிடைத்தது. அச்சட்டத்திலும் ஜேன் வார்ட்டன் போன்ற ஏழைப்பெண் பலர் புறத்தே நின்றனர். ஆடவரோடு ஒத்த உரிமை 1928இலேயே வந்தது. அதனைக் காண அம்மையார் இல்லை. 1923இல் அவர் மறைந்தார்.

பயன் கருதி ஒரு நூலை அளப்பதாயின் இந்நூலின் பயன் சிறிது என்றே கூறவேண்டும். உண்மை கருதி அளப்பதாயின் அதன் பெருமை குன்றாது. சிறைநூல் எழுதுவார் பலர் தாம் பட்டதைக் கூறுவர். இவர் தாம் படாமல் விடப்பட்டதையும், அதற்குக் காரணத்தையும், அக்காரணத்தை நீக்கியபோது நேர்ந்ததையும் கூறினார். அவர் கூற்றை நாம் நம்புகின்றோம். அவ்வாறு நம்புவது அச்சொல்லின் மெய்ம்மையாலோ, சொன்னவர் குடியாலோ என்னும் வினாவை அவர் நம்மிடமே விட்டுச் சென்றுள்ளார். பெயரற்ற பெண்ணொருத்தி சிறையிலிருந்து வந்து இதே செய்தியை இதே சொற்களால் உரைப்பாளாயின், அவளுக்கும் இவ்வாறே செவிசாய்ப்போமா என்பதே அவ்வினா. முகப்பேட்டில் இரண்டாவதாக நிற்கும் பெயர் அதற்கு விடை வேண்டி நிற்கின்றது.